மகுடத்துக்கு இரண்டு பொய்ச்சாட்சிகள்

மடுல்சீமை
4 மே 2025

திரு. புவாத் அவர்களுக்கு,

இனி உங்களை அண்ணன் முறை வைத்து நானா என்று அழைக்கப் போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், பெண்கள் கொழுந்து நிறுக்க வரிசையில் நின்ற நேரத்தில், உங்கள் மகாராணி கேஷானியின் படை பசறைப் பக்கமிருந்து ஷெல் அடித்தது. மூன்று விழுந்தன. இரண்டு தேயிலைக்குள். மூன்றாவது கீழ் லயத்து வரிசை வீடுகளில். ஆறாம் காம்பராவிலிருந்து ஒன்பதாம் காம்பரா வரை இப்போது வெறும் கல்தான் கிடக்கிறது. பதினொரு பேர் செத்தார்கள். அரண்மனையை விட்டு வந்ததிலிருந்து இந்தத் தோட்டத்து டிஸ்பென்சரியில் நான் ஒருத்திதான் நர்ஸ். பஞ்சு முடிந்த பிறகு என்னுடைய சேலையைக் கிழித்தேன். அதுவும் முடிந்த பிறகு வெறும் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு பெண், இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை, என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நர்ஸ் அம்மா, இது எந்த ராசாவுக்காக?" பதில் சொல்வதற்குள் போய்விட்டாள்.

பதில் உங்களுக்குத் தெரியும். ஜனவரி ஒன்பதாம் திகதி பதுளை அரண்மனையில், அரசர் அற்புதராஜ் கண் மூடிய அறையில், நீங்களும் நானும் மட்டும்தான் இருந்தோம். சாகப்போகும் அரசர், இரத்த உறவில்லாத இரண்டு சாட்சிகளின் முன்னால் அடுத்த வாரிசின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது நம் ஊவா மலையரசின் சட்டம். நீங்கள் அவருடைய எழுத்தர், நான் அவருடைய நர்ஸ், அதனால் நாம் இருவரும் சாட்சி. நான் அவருடைய முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் வெளியே போனீர்கள். மண்டபத்தில் எல்லோரும் கேட்க, "அரசர் தம் மகள் கேஷானியின் பெயரைச் சொன்னார்" என்றீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அரசர் என்ன சொன்னார் என்று உங்களுக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு எப்படிச் சோறு இறங்குகிறது?

தொலைபேசிக் கோபுரங்களை இரண்டு பக்கமும் அடித்து விழுத்திவிட்டார்கள். வெலிமடையிலிருந்து மரக்கறி ஏற்றிவரும் நப்ரீஸ் டிரைவரை மட்டும் இரண்டு படையும் மறிப்பதில்லை. இரண்டு படைக்கும் லீக்ஸும் கரட்டும் வேண்டுமே. அவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். வெட்கம் இருந்தால் பதில் எழுதுங்கள்.

கலாராணி


பதுளை
11 மே 2025

கலாராணிக்கு,

கடிதம் கிடைத்தது. பதினொரு பேர் என்று வாசித்ததும் மேசையை விட்டு எழுந்துவிட்டேன். அல்லாஹ் அவர்களுடைய வீட்டாருக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும். ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் எழுதியதை வாசித்தபோது எனக்கு வந்தது கோபம். அதை மறைக்கப் போவதில்லை.

ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டுவிட்டீர்களே, ஏன்? அடுத்த நாள் காலை அரச சபையில் உங்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "புவாத் பொய் சொல்றாரு. ராசா சின்னவர் றுஷாந்தன் பேரத்தான் சொன்னாரு." இதைச் சொன்னது நானா?

நான் சொன்னதும் பொய். நீங்கள் சொன்னதும் பொய். அந்த அறையில் நடந்ததை நானே எழுதுகிறேன், நாம் இருவரில் ஒருவராவது ஒருமுறை உண்மையை எழுதிப் பார்க்கட்டும். நான் குனிந்து, "ஐயா, மகள் கேஷானியா?" என்று கேட்டேன். "வேணாம்" என்றார். "மகன் றுஷாந்தனா?" என்றேன். அதற்கும் "வேணாம்" என்றார். இரண்டு தரமும் தெளிவாகச் சொன்னார். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான்.

நான் மண்டபத்தைப் பார்த்தேன். நீங்கள் பார்க்கவில்லை. மகளும் மகனும் ஆளுக்கு முப்பது நாற்பது துவக்குக்காரரோடு இரண்டு சுவர் ஓரமாக நின்றார்கள். நம் முன்னோர் வெள்ளைத் தொரைமாரை மலையை விட்டு இறக்கி, தங்களில் ஒரு கங்காணியை அரசராக்கிய நாளிலிருந்து அரியணை ஒரு நாளும் வெறுமையாக இருந்ததில்லை. "யாரும் இல்லை" என்று நான் சொல்லியிருந்தால் அரசரின் மையித்து கிடந்த வீட்டிலேயே சுட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு பெயர் சொன்னால் மற்றவர் அடங்குவார் என்று நினைத்தேன். மகள் படித்தவர், பாதை போட்டவர், பள்ளிக்கூடம் கட்டியவர். மகன் குடித்தால் வேலைக்காரரை அடிப்பவர். இதில் யோசிக்க என்ன இருந்தது?

என் பொய் மட்டும் தனியாக நின்றிருந்தால் இன்று சண்டையே இல்லை. நீங்கள் இரண்டாவது பொய்யைக் கொண்டுவந்து வைத்தீர்கள். அந்த இரண்டாவதால்தான் பதினொரு பேர். மார்ச் மாதம் உங்கள் இளவரசரின் ஆட்கள் பதுளைக் கடைவீதியில் தீ வைத்தபோது என் வாப்பாவின் துணிக்கடையும் எரிந்தது. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புவாத்


மடுல்சீமை
18 மே 2025

திரு. புவாத் அவர்களுக்கு,

பாதை போட்டவர், பள்ளிக்கூடம் கட்டியவர். நல்லது. மூன்றாவதாக ஒன்று செய்தாரே, அதை ஏன் விட்டீர்கள்?

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஹல்துமுல்லையில் தோட்டத்துச் சனம் கொழும்புப் பாதையை மறித்து உட்கார்ந்தது. காட்டுப்பன்றி போல நடத்தாதே, கூலியைக் கூட்டு என்று கேட்டார்கள். படை அப்போது கேஷானியின் கையில் இருந்தது. சுடச் சொன்னார். அங்கே கொழுந்து லொறியில் வேலை செய்த என் தம்பி ஜேசன் முன்வரிசையில் இருந்தான். இருபத்து நான்கு வயது. கழுத்தில் பட்டது. அவனை நான்தான் கழுவினேன்.

அந்தக் கட்டளைத் தாளை நான் அரண்மனைக்கு வந்த பிறகு பார்த்தேன். கையெழுத்து இளவரசியுடையது. எழுத்து உங்களுடையது. ஒன்பது மாதம் அரசரின் அறை வாசலில் உட்கார்ந்து, உங்கள் வீட்டுச் சாப்பாட்டில் பாதியை என் தட்டில் வைத்து, "சாப்பிடுங்க தங்கச்சி" என்று சொன்னீர்களே, அப்போதெல்லாம் எனக்கு அது தெரியும். வயிற்றுப்பாட்டுக்கு எழுதும் மனிதர், என்ன செய்வார் என்று மன்னித்திருந்தேன்.

ஆனால் அந்தப் பெண்ணின் தலையில் மகுடத்தை வைக்க நீங்களே முந்திக்கொண்டு ஓடினபோது எனக்கு அடக்க முடியவில்லை. சபையில் என்னைக் கேட்டார்கள். ஜேசனின் கழுத்துத்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. அவள் இல்லாத எந்தப் பெயரும் போதும் என்றிருந்தது. மற்ற பெயரைச் சொல்லிவிட்டேன்.

சரி, நான் பெயர் சொன்னவர் இங்கே என்ன செய்கிறார் தெரியுமா? ஒவ்வொரு லயத்திலிருந்தும் இரண்டு பேரைப் படைக்குப் பிடிக்கிறார். ஆள் தராத காம்பராவின் கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள், மழையில் பிள்ளைகளோடு கிடக்கட்டும் என்று. மாதம் ஒரு தரம் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்க எல்லோரும் கூடும்போது, அவருடைய கேப்டன் என்னை மேடையில் ஏற்றுகிறான். "ராசா றுஷாந்தன் பேரத்தான் சொன்னாரு" என்று நான் எல்லோருக்கும் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத்தான் பையன்கள் துவக்கைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நான்கு தரம் சொல்லிவிட்டேன்.

நான் செய்தது பிழை என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல வேண்டிய சனம் வேறு. ஆனால் ஐந்தாம் தரம் சொல்லப் போவதில்லை. அடுத்தது ஜூன் பதினாறு, திங்கட்கிழமை. அன்றைக்கு நான் இங்கே உண்மையைச் சொல்கிறேன். அதே நாள் நீங்கள் பதுளையில் சொல்லுங்கள். ஒரு ஆள் மட்டும் சொன்னால் பைத்தியம் என்பார்கள். இரண்டு பேரும் சொன்னால் இரண்டு பக்கமும் காலுக்குக் கீழே மண் இருக்காது.

கலாராணி


பதுளை
27 மே 2025

கலாராணிக்கு,

ஹல்துமுல்லைக் கட்டளையை நான்தான் எழுதினேன். சொன்னதை எழுதினேன். "தேவைப்பட்டால்" என்ற ஒரு சொல்லைச் சேர்க்கலாமா என்று கேட்டேன், "எழுதுங்க" என்று மட்டும் சொன்னார்கள். அது உங்கள் தம்பி என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஒன்பது மாதம் தெரிந்துகொண்டே என் சோற்றைச் சாப்பிட்டீர்களா? என்னிடம் ஒரு தரம் கத்தியிருக்கலாமே. கத்தாமல் இருந்துவிட்டு, கத்த வேண்டிய இடத்தை விட்டு சபையில் போய்க் கத்தினீர்கள். நாடு எரிகிறது.

நீங்கள் தனி ஆள். தைரியம் பேசுவது லேசு. என் மகள் ஜெனீரா அரண்மனைக் காரியாலயத்தில் வேலை செய்கிறாள். போன மாதத்திலிருந்து அவளை வீட்டுக்கு விடுவதில்லை. "பாதை பாதுகாப்பில்லை, இங்கேயே தங்கட்டும்" என்கிறார்கள். இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு விளக்க வேண்டுமா?

பெரியவர்கள் சிலர் இரண்டு பக்கமும் பேசிப் பார்க்கிறார்கள். இன்னும் ஒரு மாதம் பொறுக்கலாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போது தெருவில் ஆறு சவப்பெட்டி போனது. எழுத முடியவில்லை.

சரி. ஜூன் பதினாறு. சபை பத்து மணிக்குக் கூடும். அங்கே சொல்கிறேன். உங்கள் வார்த்தைக்காக இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

புவாத்


19 ஜூன் 2025

புவாத்,

எந்த ஊரிலிருந்து எழுதுகிறேன் என்று போட மாட்டேன். உங்களிடம் அதைச் சொல்லும் அளவுக்கு எனக்கு நம்பிக்கை இல்லை.

நான் சொன்னேன். திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, முந்நூறு பேருக்கு முன்னால். படைக்குப் பிடித்த பையன்கள் நாற்பது பேர் துவக்கோடு ஒரு பக்கம். கேப்டன் வழக்கம்போல, "நர்ஸ் அம்மா, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லுங்க. ராசா யார் பேர சொன்னாரு?" என்றான்.

"யார் பேரையும் சொல்லல."

அவன் சிரித்தான். நான் பயத்தில் உளறுகிறேன் என்று நினைத்தான். "சரியா சொல்லுங்கம்மா."

"சரியாத்தான் சொல்றேன். ரெண்டு பேரையும் கேட்டாங்க. ரெண்டு பேரும் வேணாம்னு சொல்லிட்டு ராசா கண்ண மூடிட்டாரு. அங்க ஒருத்தர் பொய் சொன்னாரு, இங்க நான் பொய் சொன்னேன். அஞ்சு மாசமா நீங்க அந்தப் பொய்க்குத்தான் செத்துக்கிட்டு இருக்கீங்க."

கன்னத்தில் அறைந்தான். விழுந்தேன். இடது காது இன்னும் கேட்கவில்லை. பையன்களின் வரிசையிலிருந்து ஒருவன் வந்தான். "அப்ப எங்க அண்ணன் எதுக்கு செத்தான்?" என்று என்னைக் கேட்டான்.

"என்னாலதான்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். சுடப்போகிறான் என்றுதான் நினைத்தேன். காறித் துப்பினான். துவக்கை மண்ணில் போட்டுவிட்டு லயத்துப் பக்கம் நடந்தான். கேப்டன் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினான், அவன் திரும்பவில்லை. அடுத்தவன் போட்டான். இருபத்து மூன்று பேர் போனார்கள். மிச்சப் பேர் என்னைப் பிடிக்க வந்தபோது பெண்கள் கூடையோடு நடுவில் வந்து நின்றுகொண்டார்கள். அவர்கள் என்மேல் இரக்கப்பட்டு அதைச் செய்யவில்லை. "இவளுக்கு ஏதும் செய்யிறதுன்னா நாங்க செய்வோம், நீங்க தொடாதீங்க" என்றார்கள். அந்த இடைவெளியில் தப்பினேன்.

பத்து மணிக்குப் பதுளை வானொலியைப் போடச் சொன்னேன். ஒரு வீட்டில் பதினைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டோம். உங்கள் குரல் வந்தது. "அரசர் கேஷானியின் பெயரையே சொன்னார் என்று மீண்டும் சத்தியம் செய்கிறேன். மடுல்சீமை நர்ஸ் விலைக்குப் போனவர்."

விலைக்குப் போனவர்.

இந்த வீட்டு ஆட்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மற்றத் தோட்டங்களில் துவக்கைப் போடப் போனவர்கள் அதைக் கேட்டு மறுபடி எடுத்துக்கொண்டார்கள். நேற்று பசறைப் பாலத்தில் பத்தொன்பது பேர் செத்தார்கள். எண்ணிக்கொள்ளுங்கள். இவர்கள் முழுக்க உங்கள் கணக்கு.

கலாராணி


பதுளை
25 ஜூன் 2025

கலாராணிக்கு,

நீங்கள் எழுதியதைவிடக் கேவலமாக என்னை நானே திட்டிவிட்டேன். ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஒன்பதரைக்கு இளவரசி என்னைத் தனி அறைக்குக் கூப்பிட்டார். ஜெனீரா அவர் பக்கத்தில் நின்றாள். மடுல்சீமையில் நடந்த செய்தி அதற்குள் படையின் வயர்லெஸ்ஸில் அவருக்கு வந்துவிட்டது. ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்.

நான், "அம்மா, அரசர் உண்மையில்..." என்று தொடங்கினேன்.

"தெரியும்" என்றார். "நான் திரைக்குப் பின்னால நின்னுட்டுத்தான் மண்டபத்துக்கு வந்தேன். அப்பா சொன்னது எனக்கும் கேட்டுச்சு. ரெண்டு தரமும் கேட்டுச்சு. வாசிங்க."

கலாராணி, அவருக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். நான் ஏதோ ஒரு நாட்டைக் காப்பாற்றப் பொய் சொன்னேன் என்று ஐந்து மாதம் என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறார். நான் மகளின் முகத்தைப் பார்த்தேன். தாளை எடுத்துக்கொண்டு சபைக்குப் போனேன். வாசித்தேன். ஒரு சொல் தடுக்கவில்லை, அவ்வளவு நல்ல வாசிப்பு.

இன்னொன்று. உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகும்போது நப்ரீஸைச் சோதனைச் சாவடியில் பிடித்துவிட்டார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. இப்போது அவருடைய மனைவி ஸல்மா லொறி ஓட்டுகிறார். இந்தக் கடிதத்தை நான் நீட்டியபோது அவர் கை நீட்டவில்லை. "ரெண்டு பேரும் எழுதி எழுதி என்னத்தக் கண்டீங்க?" என்று கேட்டார். பிறகு வாங்கிக்கொண்டார்.

புவாத்


பதுளை
3 ஆகஸ்ட் 2025

கலாராணிக்கு,

இதைச் சிறையிலிருந்து வெளியே வந்த மூன்றாம் நாள் எழுதுகிறேன். வெளியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். உள்ளே நடந்ததை நீங்கள் என்னிடமிருந்து கேட்க வேண்டும்.

ஜூலை பத்தாம் திகதி முடிசூட்டு விழா. மகுடம் வைக்கும் நேரத்தில் அரசரின் கடைசி வார்த்தையைச் சாட்சி எல்லோரும் கேட்க உரக்கச் சொல்ல வேண்டும். வானொலியில் நேராகப் போகும். விழாவுக்கு முதல் நாள் ஜெனீராவோடு ஐந்து நிமிடம் பேச விட்டார்கள். தைரியம் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

அவள் முந்திக்கொண்டாள். "வாப்பா, என்னைக் காட்டித்தானே உங்களை வாசிக்க வைக்கிறாங்க? நானும் கேட்டேன், அண்டைக்கு நீங்க வாசிச்சத. எனக்கு உங்களப் பார்க்க வெட்கமா இருக்கு. நாளைக்கு நீங்க சொல்லாட்டி நானே மைக்கைப் பிடுங்கிச் சொல்லுவேன். அப்ப என்ன செய்வீங்க?"

அவள் அதைக் கோபமாகத்தான் சொன்னாள். கும்பிட்டுக் கேட்கவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. இளவரசி முழந்தாளிட்டிருந்தார். மகுடம் அவர் தலைக்கு மேலே இருந்தது. நான் சொன்னேன்: "அரசர் கேஷானியையும் வேண்டாம் என்றார், றுஷாந்தனையும் வேண்டாம் என்றார். மடுல்சீமை நர்ஸ் கலாராணி சொன்னது உண்மை. அவர் விலைக்குப் போனவர் என்று நான் சொன்னது பொய். இது இளவரசிக்கும் தெரியும். அவர் திரைக்குப் பின்னால் நின்று கேட்டவர்." கடைசி வசனத்தைச் சொல்லும்போது வாயில் அடி விழுந்துவிட்டது. ஆனாலும் அது வானொலியில் போய்விட்டது. முன் பற்கள் இரண்டு இல்லை.

என்னையும் ஜெனீராவையும் வேறு வேறு இடத்தில் அடைத்தார்கள். மூன்று கிழமை ஒன்றும் தெரியாது. ஒரு நாள் காவல்காரன் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, "நான் ஊருக்குப் போறேன்" என்று சொல்லிப் போய்விட்டான். அப்படித்தான் முடிந்தது. பசறைப் பாலத்தின் இரண்டு பக்கமும் வானொலியைக் கேட்டவர்கள் ஆள் ஆளாக இறங்கிப் போனார்களாம். றுஷாந்தன் கிழக்குப் பக்கமாக ஓடிவிட்டார். கேஷானியை அவருடைய வீட்டிலேயே காவலில் வைத்திருக்கிறார்கள். சபை இப்போதைக்கு அரசர் இல்லாமலே நடக்கிறது. ஜெனீரா வீட்டுக்கு வந்துவிட்டாள். நப்ரீஸ் உயிரோடு வந்துவிட்டார், ஒரு கை மடங்காது.

உங்களைப் பற்றி அப்படிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க எழுத உட்கார்ந்தேன். சரியாக வரவில்லை. சபையில் நம் இருவர் மீதும் விசாரணை வைக்கப் போகிறார்களாம். நான் மறுக்கப் போவதில்லை.

புவாத்


மடுல்சீமை
6 செப்டம்பர் 2025

திரு. புவாத் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்கு ஒரு மாதம் பதில் எழுதவில்லை. மன்னிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்க வேண்டாம். வேலை இருந்தது. படையிலிருந்து திரும்பியவர்கள் காயத்தோடு இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள்.

முடிசூட்டு விழாவில் நீங்கள் சொன்னது சரி. ஜனவரியில் சொல்லியிருந்தால் இன்னும் சரி. இரண்டும் எனக்கும் பொருந்தும். சபை விசாரணைக்கு நானும் வருவேன். ஆனால் சபையிடம் பேசுவது சுலபம் என்று இந்த வாரம் தெரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை இராக்கம்மா என்று ஒருவர் டிஸ்பென்சரிக்கு வந்தார். மேல் லயம். ஒரே மகன். ஏப்ரலில் காலைப் பெரட்டில் நான் மூன்றாம் தரம் சத்தியம் செய்த அன்றைக்கு, அதைக் கேட்டுவிட்டுத்தான் அவனாகப் போய்ப் படையில் சேர்ந்தானாம். யாரும் பிடிக்கவில்லை. "நர்ஸ் அம்மா பொய் சொல்லுமா" என்று தாயிடம் சொல்லிவிட்டுப் போனானாம். பன்னிரண்டாம் நாள் செத்தான்.

வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் முன்னால் என்னை அடித்தார். நான் விலகவில்லை. நாலாவதோ ஐந்தாவதோ அடி என்மேல் படாமல் மருந்து அலுமாரியில் பட்டது. கண்ணாடி கையைக் கிழித்துவிட்டது. உட்கார வைத்து ஏழு தையல் போட்டேன். தையல் முடியும் வரைக்கும் என்னை ஏசிக்கொண்டே இருந்தார். என் பரம்பரையை ஏசினார். ஜேசனையும் விடவில்லை. கட்டுப் போட்டு முடிந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"சாட்சி ரெண்டு பேருன்னாங்களே. மத்தவன் எங்க இருக்கான்?"

சொன்னேன். தெரு, வீட்டு இலக்கம், எரிந்துபோன துணிக்கடைக்கு எந்தப் பக்கம் என்று எல்லாம். எழுதப் படிக்கத் தெரியாது என்றார். இரண்டு தரம் சொல்லிப் பாடமாக்க வைத்தேன்.

பதுளை பஸ் திரும்பவும் ஓடத் தொடங்கிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறார். ஒன்பது மணிக்கு உங்கள் வாசலில் இருப்பார். வலது கையில் கட்டு இருக்கும்.

ஜெனீராவை முன்னால் அனுப்பாதீர்கள். நீங்களே போய்க் கதவைத் திறங்கள்.

கலாராணி